இறக்குமதி வண்டிக்கு லைட் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: 58,000 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் கார் லைட் மாற்றிக் கொடுக்கும் ஒரு கடையில் 58,000 ரூபாயைக் கொட்டிவிட்டு, நேற்று ஊட்டி ஆர்டிஓ ஆபீஸிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. கேஸ் போடும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று மச்சான் சொல்லியிருக்கிறான். ரீல்ஸில் நீலமும் வெள்ளையுமாக லைட்டை அடித்துக் காட்டி 'இம்போர்ட்டட் கார் கன்வெர்ஷன், ஆர்டிஓ கேரண்டி' என்று கூவுகிற வகைக் கடை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

என் வண்டி வெளிநாட்டிலேயே முழுதாகத் தயாராகி வந்தது. ஸ்டீயரிங் வலது பக்கம்தான், அதில் சிக்கல் இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஷோவுக்காக அமெரிக்க மாடல் லைட் செட்டை வரவழைத்து மாட்டியிருந்தார். பின்னால் பிரேக்கும் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு. நம் சட்டப்படி இண்டிகேட்டர் ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) நிறத்தில் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்ன வேண்டும். முன் லைட்டில் வேறு வில்லங்கம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் லோ பீம் (எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம்) இடது ஓரத்தில் சற்று மேலேறியும், எதிரே வருகிறவர் கண்ணில் படாதபடி வலது பக்கம் தாழ்ந்தும் விழ வேண்டும். வலது பக்கம் ஓட்டும் நாட்டு லைட்டில் இது இடம் வலம் மாறிவிடும்.

வண்டிக்கு 15 வருஷம் முடிகிறது, ஆர்சியை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்கு 5,000 ரூபாய் ஃபீஸ் என்றால் இறக்குமதி காருக்கு 40,000. தேதி தாண்டினால் மாதம் 500 தனி. சரி, அதற்குமுன் லைட்டை ஒழுங்கு பண்ணிவிடலாம் என்றுதான் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன்.

கடைக்காரர் பேச்சு இருக்கிறதே! "வாங்கண்ணா, மலையில இருந்து வர்றீங்க, மொதல்ல டீ சாப்பிடுங்க" என்று உட்காரவைத்தார். பெஞ்சில் ஒரு ஹெட்லைட்டை வைத்து பேட்டரியில் கிளிப் மாட்டி எரியவிட்டார். கடையை இருட்டாக்க ஷட்டரைப் பாதி இறக்கினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் கத்தியால் கீறிய மாதிரி ஒரே கோடாக விழுந்தது, இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏறியது. அப்புறம் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார். "இது இருந்தாத்தான் நம்ம ஊரு லைட்டுங்கண்ணா. முன்னாடி நின்னு பார்த்தா அம்பு உங்க வலது கைப்பக்கம் காட்டணும்." அது நூற்றுக்கு நூறு உண்மை. ஐரோப்பிய முத்திரை போட்ட லைட்டில் இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதில் அந்த அம்பு இருக்கும், வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதில் அம்பே இருக்காது. ஏமாற்றத் தேவையான அளவுக்கு ஆள் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்.

30,000 ஜிபேயில் போட்டேன். "சாப்பிட்டுட்டு மெதுவா வாங்கண்ணா" என்றார். திரும்பி வந்தபோது எல்லாம் மாட்டி, துடைத்து, பளபளவென்று நின்றது வண்டி. வெயில் இன்னும் இருந்ததால் பீம் தெரியவில்லை. மீதி 28,000 கையில் கொடுத்தேன். பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத 'எஸ்டிமேட்' துண்டுச் சீட்டு.

அன்று ராத்திரி மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போதே எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துத் திட்டினார்கள். நான் லோ பீமில்தான் இருந்தேன். குஞ்சப்பனை வளைவுகளில் இடது ஓரம் கும்மிருட்டு. பலாப்பழ சீசனில் அங்கே ரோட்டோரம் யானை நிற்கும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நிறுத்தி, போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். ஐரோப்பிய முத்திரையான வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து இருக்கிறது, நம்பர் இருக்கிறது, அம்பு இல்லை. இரண்டிலும் இல்லை. ஓரத்தில் பாலிஷ் போட்டு மறைத்த கீறல் வேறு. பெஞ்சில் காட்டியது ஒன்று, வண்டியில் மாட்டியது எங்கேயோ கழற்றிய பழைய செட்டு.

பின் லைட் கதை இன்னும் கேவலம். மாட்டியது வேறொரு சிவப்புக் கண்ணாடி, அதன் மேல் ஆம்பர் ஸ்ப்ரே. ரெண்டு மழைக்குப் பிறகு நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. உள்ளே எல்இடி பல்பு. அது குறைவான கரண்ட் இழுப்பதால், இண்டிகேட்டரை மின்னவைக்கும் ரிலே பல்பு ஃபியூஸ் என்று நினைத்துக்கொண்டு படபடவென்று மின்னவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன், 120ஐத் தாண்டுகிறது.

போன் பண்ணினால் முதலில் "ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புங்கண்ணா" என்றார். ஸ்க்ரூ மொத்த பீமையும் ஏற்றி இறக்கத்தான் உதவும், அதைத் திருப்பி இடத்தை வலமாக்க முடியாது என்று எங்கள் ஊர் மெக்கானிக் சிரித்தார். அப்புறம் ஃபிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அப்புறம் டெல்லி சப்ளையர் மாற்றித் தருவார். அப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்.

நேற்று இன்ஸ்பெக்டர் பின் லைட்டைப் பார்த்ததுமே ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்த மாதிரி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சரிசெய்து கொண்டு வாருங்கள் என்று நல்லவிதமாகவே சொன்னார். வாசலில் நின்றே கடைக்கு அடித்தேன். "அங்க யாராச்சும் ஆளைப் பாருங்கண்ணா, முடிஞ்சிரும்" என்கிறார்! 58,000 வாங்கியது நீ, லஞ்சம் கொடுப்பது நானா? சத்தம் போட்டதும் குரல் மாறிவிட்டது: "எங்க கடையில மாட்டுனதுன்னு என்னங்க ஆதாரம்?" அண்ணா போய்விட்டது, கவனித்தீர்களா.

அவசரமாகச் சில விஷயம். அம்புக்குறியை வண்டியில் மாட்டிய லைட்டில் பாருங்கள், பெஞ்சில் பார்க்காதீர்கள். இருட்டிய பிறகு சுவரில் அடித்துக் காட்டாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், அதில் பார்ட் நம்பர் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கலாம். கோவைக் கடைதானே என்று அங்கே அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் ஃபீஸ் கிடையாது.

பழைய லைட் செட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை அவரே வைத்துக்கொண்டார். இன்று காலை அவருடைய புது ரீல்ஸில் அது வந்திருக்கிறது, 'ஒரிஜினல் யுஎஸ் செட், 25,000 மட்டும்' என்று. இடது டெயில் லைட்டின் மூலையில் விரிசல் இருக்கும். யாரும் வாங்கிவிடாதீர்கள்.