கோப்ளினுக்கு 50 புள்ளி: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, சில வருடப் பாவனைக்குப் பிறகு

கல்முனையில் இருக்கும் கூட்டாளி ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மச்சான், மருமகப் பொடியனுகளுக்கு இந்த டி அண்ட் டி வாங்கலாமா? வெட்டுக்குத்து இல்லாமக் கதையைக் கொண்டுபோக ஏலுமா?" டி அண்ட் டி என்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையைக் கொண்டுபோகும் ஆட்டம். வெட்டுக்குத்து வேண்டாம் என்று இந்தப் பக்கத்து ஆள் ஏன் கேட்கிறான் என்று நான் விளக்கப்போவதில்லை. ஏலுமா என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாங்கள் பாவிப்பது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று, ஆளுக்கொன்றாகத் தன் பாத்திரத்தின் விபரம் எழுதிவைக்கும் அந்தக் கதாபாத்திரத் தாள். முதல் பக்கத்தின் நட்ட நடுவில் கவசம், உயிர்ப்புள்ளி, அதற்குக் கீழே தாக்குதல் கட்டம். குணம், இலட்சியம், பந்தம், குறை எல்லாம் வலது ஓரத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பொடியனிடம் அந்தத் தாளை நீட்டி, "சமாதானமாப் போ" என்றால் சிரிப்பான். தாளில் கோடரி எழுதியிருக்கிறது, அவன் கோடரியைத்தான் தூக்குவான். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைச் சாய்த்தால் 50 அனுபவப் புள்ளி, 300 சேர்ந்தால் இரண்டாம் நிலை. கணக்குத் தெரிந்த பிள்ளைகள்!

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சண்டை இல்லாமல் சமாளித்தாலும் புள்ளி கொடுக்கலாம் என்று டி.எம். (ஆட்டத்தை நடத்துகிறவர்) கையேட்டில் இருக்கிறது. புள்ளியையே தூக்கி எறிந்துவிட்டு, கதை ஒரு கட்டத்தைத் தாண்டும்போது நிலையை உயர்த்தவும் வழி இருக்கிறது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பாதி வெறி அடங்கியது. மீதிப் பாதிக்குப் புத்திமதி எடுபடாது. காவல்காரன் வந்து பிடிப்பான் என்று பயங்காட்டினால் காவல்காரனையும் வெட்டுவார்கள்.

எதிர்பாராமல் கைகொடுத்தது இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டுப் பழைய அடிப்படைப் பெட்டி. அதில் எதிரே வருகிறவனின் மனநிலையை அறிய இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 2 விழுந்தால் உடனே பாய்வான், 12 விழுந்தால் சிநேகம், 6 முதல் 8 வரை என்றால் என்ன செய்வதென்று அவனுக்கே தெரியாது. உடனே பாய்வது 36க்கு ஒரு தரம்தான். தடுமாறுவது 16 தரம். இன்னொன்று மனவுறுதி. கோப்ளினுக்கு அது 7. கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை உருட்டுவோம். 7ஐத் தாண்டினால் ஓடும், அல்லது சரணடையும். அந்தக் காலத்தில் ஒரு கோப்ளினுக்கு வெறும் 5 புள்ளி, தங்கக்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி. சண்டை பிடிப்பது நட்டம். ஐந்தாம் பதிப்பிலும் மனவுறுதிச் சோதனை இருக்கிறது, விருப்ப விதியாக, கையேட்டின் ஒரு மூலையில்.

எங்கள் கதை ஒரு வாவியின் இரு கரைகளில் நடக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேலால் மண்முனையில் பாலம் வந்ததும் 2014இல்தான். அதற்குமுன் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரையான படுவான்கரைக்குப் போனவர்களுக்கு இடம் உடனே பிடிபடும். கோப்ளின்கள் பாதையை மறித்துக் கூலி கேட்டன. பகடையில் 7. அதுகளும் முழிக்கின்றன. எங்கள் கோடரிக்காரன், ஏறாவூர்ப் பொடியன், "ஆளுக்கு எவ்வளவு கேக்கிறீங்க? நெல்லாத் தந்தா ஒண்ணாதா?" என்று தொடங்கினான். அன்று இரவு முழுக்கப் பேரம். மறுகா கரைகளுக்கிடையில் பிணக்கு முற்றியபோது கொம்புமுறி என்ற எங்கள் ஊர் விளையாட்டை வைத்தோம். வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, கொளுவிய கொம்புகளை இழுத்து, எது முறிகிறது என்று பார்க்க வலிமைச் சோதனை. இருபது முகப் பகடைக்கு இதைவிட நல்ல வேலை நான் கண்டதில்லை. பொடியனுகள் கதிரையில் ஏறி நின்று கத்தினார்கள்.

இவ்வளவும் சொன்னேன் அல்லவா? போன போயா (பௌர்ணமி லீவு) அன்று அதே பேரக்காரன் அந்தப் பாதைக்கே நெருப்பு வைத்தான். ஏன் என்றால், "சும்மாதான் அண்ணன், பாதைக்காரன் முறைச்சான்." தாளைப் பார்த்தேன்: நெருப்பு மந்திரம், சேதம் எத்தனை பகடை என்பதோடு, கொட்டை எழுத்தில்.

ஆகவே 5க்கு 2. வாங்காதே மச்சான். அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் சும்மாவே கிடைக்கின்றன, இறக்கிக்கொள். தாளை மட்டும் நீயே கீறு, ஆயுதத்தைப் பின்பக்கத்தில் போடு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது, வேண்டுமென்றால் பொடியனுகளைக் கூட்டிக்கொண்டு வா. புதுப் பாதை கட்டும் செலவு யார் தலையில் என்று இன்னும் பேசி முடியவில்லை.