கதவு அடி ரப்பரும் ஜன்னல் ஸ்பாஞ்ச் டேப்பும்: ஒரு மாசம் யூஸ் பண்ணதுல

வேலூர் சத்துவாச்சாரில எங்க வீட்டு ஏசி ரூம்ல, கத்திரி வெயில்ல மதியம் 24ல வச்சா கம்ப்ரசர் நிக்காம ஓடிட்டே இருக்கும், கேஸ் கம்மின்னு ஒருத்தர் ஃபில் பண்ணிட்டு போனாரு, ஒண்ணும் மாறல. அப்புறம்தான் காத்து எங்க கசியுதுன்னு பாத்தேன். வெளிநாட்டுல வாசக்கதவுல பெரிய ஃபேன் மாட்டி 50 பாஸ்கல் பிரஷர் வித்தியாசத்துல எவ்வளவு காத்து கசியுதுன்னு அளப்பாங்க, ப்ளோயர் டோர் டெஸ்ட்னு பேரு. நான் எல்லா ஜன்னலும் சாத்திட்டு கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன போட்டு ஊதுபத்திய காட்டுனேன், கதவு அடியில புகைய அப்படியே உறிஞ்சுச்சு, ஏசி பைப் போற ஓட்டைல உள்பக்கமா சீறி வளைஞ்சுச்சு.

லாங் பஜார்ல கதவு ரப்பரும் டேப்பும் வாங்குனேன். ஸ்க்ரூ போடற ரப்பர் சூப்பர், தரைய லேசா தொடற மாதிரி வைங்க, ரொம்ப அழுத்துனா மடங்கிடும். ஸ்பாஞ்ச் டேப் மட்டும் மேற்கு ஜன்னல்ல பத்தே நாள்ல பசை விட்டு தொங்குது, ஃப்ரேம்ல தூசிய நல்லா துடைச்சிட்டு மறுபடி ஒட்டுனதுதான் நிக்குது. பைப் ஓட்டைய புட்டி (ஓட்டை அடைக்கற பேஸ்ட்) வச்சு அடைச்சேன். இப்போ கம்ப்ரசர் நடுநடுவுல கட் ஆகுது, தூசியும் கம்மி.

கேஸ் கீசர் இருக்கற பாத்ரூம், கிச்சன்ல மட்டும் தயவுசெஞ்சு எதையும் அடைச்சிடாதீங்க, உயிருக்கே ஆபத்து.