அறைவீடா, சபையா?

எழுத்தில் சோர்வு தட்டும்போது விசுவாசமுள்ள எழுத்தாளர் பற்றிக்கொள்ள இரண்டு துணைகள் உண்டு: அறைவீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு செய்யும் தனி ஜெபம், எழுத்துக்காகக் காத்திருக்கும் சபை.

சபையின் பலம் கண்கூடு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் ஞாயிறு ஆராதனையில் ஒலிக்கின்றன. பாட ஆள் இருக்கும்போது பாட்டும் பிறக்கிறது. கிறிஸ்துமஸ் மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு முறை போன் வந்தால் என் பேனாவும் நகர்ந்துவிடும். ஆனால் மலர் வெளியான மறுநாளே அந்த வேகம் வடிந்துவிடுகிறது.

நெடும்பணிக்கு அது போதாது என்பதே என் முடிவு. கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற கிறிஸ்தவக் காவியம் நூலாக வந்தது 1894-இல். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கைதட்டலை நம்பி யார் எழுதி முடிக்க முடியும்?

விடியற்காலை ஐந்து மணிக்கு நான் 90-ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். கைகளின் வேலையை நிலைப்படுத்தும்படி கர்த்தரிடம் மன்றாடி முடியும் சங்கீதம் அது. பிறகு, முந்தின நாள் பாதியில் விட்ட வாக்கியத்தைத் தொடர்வேன். சில நாள் நான்கு வரிதான் வரும். அதற்கும் ஆமென் சொல்லியே நோட்டை மூடுகிறேன்.

ஜெபமும் வறண்டுபோகும் வாரங்கள் உண்டு. அப்போது சபைதான் தாங்குகிறது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக் கேட்பார்: “அந்தக் கதை எதுவரை வந்திருக்கிறது, தம்பி?”