பை நல்ல பைதான், பெல்ட்தான் உயிரை வாங்குகிறது

கோபிப் பக்கமிருந்து பங்காளி ஒருத்தர் போனில் கேட்டார்: "ஹிமாலயனுக்குத் துணிப்பை மாட்டியிருக்கியே, இப்ப விலை இறங்கியிருக்குதாமா, வாங்கட்டுமா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன். வண்டி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். பை, இரு பக்கமும் தொங்கி, வாயைச் சுருட்டி மூடுகிற ரகம்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் உள்ளே போகாது. ஆழியாறில் பிடித்த மழை வால்பாறை வரைக்கும் விடவில்லை. 40 கொண்டை ஊசி வளைவையும் நனைந்துகொண்டே ஏறி, அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால் வேட்டி, துண்டு எல்லாம் பீரோவில் இருந்து எடுத்த மாதிரி இருந்தன. தையலில் ஒரு நூல் பிரியவில்லை. ஆடி மாதம் உடுமலையிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இடப்பக்கம் வந்து அறையும். அலுமினியப் பெட்டி மாட்டிய நண்பரின் வண்டி அங்கே ஒவ்வொரு காற்றாலை வரிசையைத் தாண்டும்போதும் நடுரோட்டுக்கு நகர்ந்தது. என் வண்டி நேராகப் போனது. பை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது, காற்றுக்குப் பிடி கொடுப்பதில்லை. பெட்டிகள் காலியாகவே பத்துக் கிலோவைத் தொடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி பையை வண்டியோடு கட்டுகிற பெல்ட்.

பண்ணாரியில் இறுக்கிக் கட்டுவேன். திம்பம் மலையில் 27 வளைவு. பாதி ஏறுவதற்குள் வலப்பக்கப் பை ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். ஆசனூர் போய்ப் பார்த்தால் இரண்டு விரல்கடை. இடப்பக்கம் இறங்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலப்பக்கம்தான் சைலன்சர் மேல்நோக்கிப் போகிறது. அந்தப் பையின் அடிமூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துணி இளகி, பிறகு இறுகி, கறுப்பாகப் பளபளக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இத்தனை நல்ல துணியை நெய்து, இத்தனை கவனமாக ஒட்டியவர்கள், அதைத் தாங்குகிற பெல்ட்டில் போய்க் கஞ்சத்தனம் பார்ப்பார்களா?

பக்கிளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் சங்கதி தெரியும். பெல்ட் வளைந்து ஏறி இறங்குகிற பிளாஸ்டிக் படிகளின் விளிம்பு மழுங்கிவிட்டது. இடுக்கில் செம்மண் அப்பியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பெல்ட்டின் நெசவு பிசிறு தட்டி வழவழவென்று ஆகிவிட்டது. பிறகு எங்கே பிடிக்கும்?

மீதியைச் சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற அண்ணன் சொன்னார். பெல்ட்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்த உடனே, "இது நைலானுங்க. நனைஞ்சா நீண்டுக்கும். லாரியில இதப் போட்டுக் கட்டுனா லோடு மேட்டூரத் தாண்டாதுங்க" என்றார். பாலியெஸ்டர் பெல்ட் தண்ணீர் குடிக்காது, அவ்வளவாக நீளாது. பிளாஸ்டிக்குக்குப் பதில், பல் வைத்துக் கடித்துப் பிடிக்கிற இரும்புப் பக்கிள் போட்டு, நான்கு பெல்ட்டையும் அவரே தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் கொல்லிமலையின் 70 வளைவில் பை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மாட்டும்போது வெறும் பையைக் கட்டிவிட்டுச் சாமானை அடைக்காதீர்கள். அடைத்த பிறகுதான் தொங்குகிற உயரம் தெரியும். ஸ்பேனர், பஞ்சர் கிட் மாதிரி கனமானவை இடப்பக்கம், அடியில், முன்னால் ஒதுங்கி இருக்கட்டும். வலப்பக்கம் துணிமணி போதும். சைலன்சருக்கும் பைக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பையை உள்ளே சாயவிடாத சாடில் ஸ்டே இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். கோவை கணபதியில் எந்த வெல்டிங் பட்டறையிலும் கம்பி வளைத்துக் கொடுப்பார்கள். கட்டி முடித்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பெல்ட்டின் மிச்ச வாலை மடித்துச் செருகிவிடுங்கள். அது ஸ்போக்கிலோ செயினிலோ சிக்கினால் ஆளே தப்ப மாட்டார்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். தண்ணீர் புகாத பை, காற்றுக்கு அடங்குகிற பை, தையல் பிரியாத பை, எல்லாம் உண்மை. ஆனால் மலையில் போகிறவன் உயிர் அந்தப் பெல்ட்டில்தான் தொங்குகிறது. அதைச் சரியாகக் கொடுக்காதவர்கள் எவ்வளவு விலை குறைத்தாலும் அது குறைத்த விலை ஆகாது. என் பையைக் கேட்டால் தரமாட்டேன். அதில் இப்போது சங்ககிரி பெல்ட் இருக்கிறது.