12 பார் காட்டிய கார், எட்டரை இலட்சம் நட்டம்: பாவித்த மின்சாரக் கார் பார்ப்பவர்கள் கவனம்

இன்று காலை போனைத் திறந்தால், நான் நேற்றுத் திருப்பிக் கொடுத்த பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் விளம்பரத்தில் நிற்கிறது. அதே வெள்ளை நிறம். பின் பம்பரில் என் மகன் சைக்கிளால் இடித்த அதே கீறல். "பற்றரி 12 பார், ஒரே பாவனையாளர்" என்று போட்டிருக்கிறார்கள். பார் என்றால், பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று டாஷ்போர்டில் காட்டும் கோடு; புதுப் பற்றரிக்கு 12, தேயத் தேயக் குறையும். நேற்றுப் பின்னேரம் நான் சாவியைக் கொடுக்கும்போது அதில் இருந்தது எட்டு பார். எட்டரை இலட்சத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தவன் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் உள்ளே இருப்பவர்கள் நாங்கள். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை வவுனியாவில் கிளினிக். ஒரு வழிக்கு 60 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், அதுவும் கிடைக்காமல் இரண்டு இரவு வரிசையில் படுத்திருக்கிறேன். அடுத்து வாங்கினால் மின்சாரக் கார்தான் என்று அன்றைக்கே முடிவு.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் புதுசு ஒன்று பார்ப்போம் என்று பிவைடி டொல்பின் பார்க்கப் போனோம். விலையைக் கேட்டோம், தந்த தேத்தண்ணியைக் குடித்தோம், வந்துவிட்டோம். மிட்சுபிசி ஐ-மீவ் மலிவு, ஆனால் 16 கிலோவாற் மணி பற்றரி. எங்கள் தூரத்துக்கு அது காணாது. மிஞ்சியது பாவித்த நிசான் லீஃப். அதிலும் 40 கிலோவாற் மணி பற்றரியோடு வந்த பிந்திய மொடல் கைக்கெட்டவில்லை. 24 உள்ள பழையதுதான் எங்கள் காசுக்கு. புதிதாக இருந்தபோதே ஒரு சார்ஜில் 120 கிலோமீற்றர் அளவுதான் ஓடும். பற்றரியைக் குளிராக்க அதில் தனி ஏற்பாடு கிடையாது, சூட்டில் சீக்கிரம் களைத்துவிடும். வன்னி வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் ஏமாந்ததுதான் வயிற்றெரிச்சல்.

விளம்பரம் பார்த்தது எல்லாரும் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு இணையத்தளத்தில். விற்றது ஒரு கார் சேல். ஊரைச் சொல்லவில்லை. முதலாளிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. பற்றரியைப் பற்றி நான் வாயைத் திறக்க முன்னமே, "அண்ணை எந்த இடம்?" என்று கேட்டார். சொன்னேன். "2009இல எங்க இருந்தனீங்கள்?" மெனிக் பாம், இராமநாதன் முகாம் என்றேன். போர் முடிந்த நேரம் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த முகாம் அது. மனிசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நானும் அங்கதான் அண்ணை. தண்ணிக்கு வரிசையில நிண்டதெல்லாம் மறக்கேலுமே?"

அதோடு சரி. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முழுச் சார்ஜில் ஏறி, இறங்கும்வரை ஓடிப்பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம் என்று மருமகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஒன்றாகத் தண்ணிக்கு நின்றவனிடம் அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. டாஷ்போர்டில் 12 பாரும் நிமிர்ந்து நின்றன. மனைவி மட்டும் காதுக்குள், "பழைய காருக்கு எப்படி ஒன்றும் குறையாமல் நிற்கும்?" என்றாள். நான் அவளை முறைத்தேன். காலபோக நெல்லுக் காசு, அவளுடைய சங்கிலி, கொஞ்சம் கடன். மொத்தம் 26½ இலட்சம்.

இரண்டு கிழமை வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அம்மாவின் கிளினிக் வந்தது. வீட்டில் 118 கிலோமீற்றர் காட்டியது. புளியங்குளத்தில் 40. ஓமந்தையில் சிவப்பு விளக்கு. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, அம்மா துவாயால் விசிற, முப்பதில் உருட்டி வவுனியா சேர்ந்தோம். போர்க் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்றபோதுகூட நெஞ்சு இப்படி அடிக்கவில்லை. மச்சான் வீட்டில் நாலு மணித்தியாலம் சார்ஜ் போட்டுத் திரும்பினால், கனகராயன்குளம் தாண்டியதும் ஆமைப் படம் ஒன்று எரிந்தது. பெலன் முடிந்தது என்று இந்தக் காரில் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மாவை யாரோ ஒரு புண்ணியவானின் லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி அனுப்பினேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். பற்றரி எவ்வளவு தேய்ந்தது என்று கார் வைத்திருக்கும் கணக்கைக் கணினியால் அழித்துவிட்டால், புதுப் பற்றரி போட்டதாகக் கார் நினைத்து 12 பாரும் காட்டுமாம். ஓட ஓட உண்மையைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக இறக்குமாம். அப்படியே நடந்தது. ஆறு கிழமையில் 11, 10, 9, 8. இன்னும் இறங்கும் என்றார்.

முதலாளிக்கு எடுத்தேன். "ஏசி போட்டா அப்பிடித்தான் அண்ணை." அடுத்த முறை, "எக்கோ மோட்டில, சார்ஜ் மிச்சம் பிடிச்சு ஓடிப் பாருங்கோ." அதற்கடுத்து ஒரு பெடியன் எடுத்து, பொஸ் கொழும்பு துறைமுகத்தில் நிற்கிறார் என்றான். மூன்று கிழமையாகத் துறைமுகத்தில்தான் நின்றார். வட்ஸ்அப்பில் நீலச் சரி மட்டும் விழும். நேரில் போனபோது பில்லைக் காட்டினார்கள். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: பார்த்த நிலையில் விற்கப்பட்டது, பற்றரிக்குப் பொறுப்பில்லை. "தம்பி, ஒரே முகாமில இருந்தனாங்கள்" என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "வியாபாரம் வேற அண்ணை" என்றார். இணையத்தளத்துக்கு எழுதினால், அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடைப்பட்ட விசயம் என்று இரண்டு வரி வந்தது.

கடைசியில் 18 இலட்சத்துக்குத் திருப்பி எடுக்கிறோம் என்றார்கள். சங்கிலி அடகில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது. ஒப்புக்கொண்டேன். 850,000 ரூபா. ஒன்றரை மாதம் ஒரு பழைய காரை வைத்திருந்ததற்கு வாடகை எட்டரை இலட்சம்!

எந்த மொடல் நல்லது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இவ்வளவுதான்: பாரை நம்பாதீர்கள். முழுச் சார்ஜில் தொடங்கி, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை நீங்களே ஏசியோடு ஓடி கிலோமீற்றரை எண்ணுங்கள். விடமாட்டேன் என்றால் எழும்பி வாருங்கள். ஸ்கான் பண்ணிக் காட்டினாலும், கணக்கை அழித்த புதிதில் அதுவும் பொய்தான் சொல்லும். வாய்ப்பேச்சில் தந்த உறுதியைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மனைவி சொன்னால் கேளுங்கள்.

வெள்ளை லீஃப் ஒன்று பார்க்கப் போகிறவர்கள், பின் பம்பரின் இடது மூலையைக் குனிந்து பாருங்கள். சாண் நீளத்தில் கீறல் இருந்தால் அது என்னுடையது.