கோகர்ணாவில் குடில் புக் பண்ணப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

19,400 ரூபாய். இரண்டு குடில், மூன்று இரவு. அத்தனையும் போச்சு. நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினோம். என்னென்ன பார்த்து ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குடியரசு தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு கிடைத்தது. கோகர்ணா சிவன் கோயிலில் மகாபலேஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவுக்குப் பல வருட ஆசை. கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம். மகளுக்குக் கடல். படமும் குட்டி வீடியோவும் போடுகிற ஒரு ஆப்பில் ஒரு ரிசார்ட்டின் பக்கம் கண்ணில் பட்டது. ஹாஃப் மூன் பீச்சில் 'ஈகோ ரிசார்ட்': மண் சுவர், ஓலைக் கூரை, சோலார் விளக்கு, வாசலிலேயே அலை.

ஹாஃப் மூன், ஓம் பீச்சுக்கும் பாரடைஸ் பீச்சுக்கும் நடுவில் பாறைகளுக்குள் ஒதுங்கிய பிறை வடிவச் சின்னக் கரை. ரோடு கிடையாது. வண்டி ஓம் பீச்சோடு நின்றுவிடும். அதற்கப்புறம் குன்றின் மேல் ஒற்றையடிப் பாதை, இல்லாவிட்டால் படகு.

இந்த 'ரோடு கிடையாது' என்பதை வைத்தே அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் மெசேஜில் என்னைக் கவிழ்த்தான். மேப்பில் காட்டவில்லையே என்றேன். "ரோடே இல்லாத இடம்ணா, மேப்ல எப்படி வரும்?" போனை எடுப்பதே இல்லையே என்றேன். "கீழ டவர் இல்லண்ணா, மேட்டுக்கு ஏறி வந்துதான் பேசுறேன்." பணம் அனுப்பும்போது திரையில் ரிசார்ட் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. "மேனேஜர் அக்கவுண்ட்ணா, நானும் தமிழ்தான், பயப்படாதீங்க." நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, எல்லாமே நம்பும்படி இருந்தது.

முதலில் 5,000 அட்வான்ஸ். மறுநாளே, லீவு நாள், முழுசாகக் கட்டினால்தான் குடில் நிற்கும் என்றான். நான் தயங்கினேன். அன்று சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. ஈர மணலில் ஒரு குச்சி என் மகளின் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறது. அலை வந்து கடைசி எழுத்தை அழித்துக்கொண்டு போகிறது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மீதி 14,400 ரூபாயை அப்போதே அனுப்பினேன்.

அதே வீடியோவை இந்த இரண்டு நாளில் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். கேமரா மணலை விட்டு மேலே எழவே இல்லை. குடில் இல்லை, பாறை இல்லை. எந்த ஊர் மணலோ அது. குழந்தையின் பெயரை வைத்துப் பணம் பிடுங்கியிருக்கிறான், அதுதான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் ஓம் பீச்சில் படகு காத்திருக்கும் என்றான். ஒரு மணி நேரம் நின்றோம், வரவில்லை. "பத்து நிமிஷம்ணா" என்று மூன்று தடவை மெசேஜ். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மூட்டு வலியோடு அம்மா பாறையில் கையை ஊன்றி ஊன்றி இறங்கினார். அங்கே நிஜமாகவே குடில்கள் இருந்தன. நடத்துகிற அம்மா என் போனில் இருந்த படங்களைப் பார்த்தார். "இது எங்க குடில்தான். ஆனா இந்த நம்பர் எங்களுது இல்ல." இந்த மாதம் நாங்கள் மூன்றாவது குடும்பமாம். அவரிடம் இடம் இல்லை. அம்மாவுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவனிடம் கேட்டால், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். அப்புறம், ரீஃபண்ட் ஏழு வேலை நாளில். அப்புறம், நீங்கள் லேட்டாக வந்ததால் கேன்சல். ராத்திரி ஒன்பது மணிக்கு பிளாக். ஊருக்குள் கோடிதீர்த்தம் பக்கம் இருமடங்கு வாடகையில் ஒரு அறை பிடித்துப் படுத்தோம். பேங்கில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது சார், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். 19,400 ரூபாய் சார் என்றேன். புரிகிறது சார் என்றார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. திரையில் வேறு ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். குடிலில் இருந்தபடியே வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், கடலையும் குடிலையும் சேர்த்துக் காட்டட்டும். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள். நான் மறுநாள்தான் அடித்தேன்.

ஆப்பில் அவனுடைய பக்கம் இன்னும் இருக்கிறது. மனைவியின் போனில் பார்த்தேன். மகா சிவராத்திரிக்கு இரண்டு குடில்தான் பாக்கி என்று இன்று காலை போட்டிருக்கிறான். கீழே நாலு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். சிவராத்திரிக்குக் கோகர்ணா போகிறவர்கள் யாராவது தெரிந்தால் இதை உடனே அனுப்புங்கள்.