சேபரை நேட் வென்றது எதனால்?

நீலகிரி வெலிங்டனில் எங்கள் தெருத் தாத்தா ஒருவர் இந்திய விமானப்படையில், நேட் என்ற குட்டிப் போர் விமானங்களுக்கு ஃபிட்டராக இருந்தவர். 1965, 1971 போர்களில் நேட்டை எதிர்த்து நின்றது பாகிஸ்தானின் சேபர் போர் விமானம். ‘சேபர் கொல்லி’ என்ற பட்டம் நேட்டுக்குத் தகுமா என்று எங்களுக்குள் ஓயாத வழக்கு. தகும் என்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

இன்ஜினின் உந்துவிசை சேபருக்குத்தான் கொஞ்சம் கூடுதல். ஆனால் நேட்டின் எடை அதில் பாதிகூட இல்லை. அதனால் கிடுகிடுவென்று மேலே ஏறிவிடும். இறக்கைகள் நுனிக்கு நுனி ஏழு மீட்டருக்கும் குறைவு. சேபருக்கு 11 மீட்டருக்கு மேல். தூரத்தில் நேட் ஒரு புள்ளி, எதிரி கண்ணில் படுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கரிச்சான் பருந்தை விரட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான்.

ஆயுதத்தில் கணக்கு மாறுகிறது. நேட்டில் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். நாலைந்து பட்டாலே எதிரி விமானம் உடைந்துவிடும், ஆனால் விசையை அழுத்திப் பிடித்தால் ஆறு விநாடிக்குள் காலி. சேபரின் ஆறு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளால் அதைவிட இரண்டு மடங்கு நேரம் சுட முடியும். 1965 போரில் சில சேபர்களில் சைடுவைண்டர் ஏவுகணையும் இருந்தது. நேட்டில் ஏவுகணையே இல்லை. போதாக்குறைக்கு நேட்டின் பீரங்கி நடுச்சண்டையில் சிக்கிக்கொள்ளும். “கன் சிக்கிக்கிச்சுன்னா அப்புறம் அது வெறும் வண்டிதான் தம்பி” என்பார் தாத்தா. ஹைட்ராலிக்ஸும் வால் கட்டுப்பாடும் தொல்லை தந்தன. பின்னாளில் பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனம் நேட்டை மேம்படுத்தி அஜீத் என்ற விமானத்தை உருவாக்கியதற்கு இந்தக் குறைகளும் காரணம்.

என் நிபந்தனை உயரம்: ஏறவும் ஒளிந்து வந்து பாயவும் இடமிருந்தால்தான் அந்தப் பட்டம் நேட்டுக்குத் தகும். 1971 நவம்பர் 22, மேற்கு வங்க எல்லையில் போய்ரா. கொல்கத்தாவின் டம்டம் விமானத்தளத்திலிருந்து கிளம்பிய நான்கு நேட்கள் எதிர்பாராத கணத்தில் பாய்ந்து இரண்டு சேபர்களை வீழ்த்தின. சிறைப்பட்ட சேபர் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பிற்பாடு பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர்கள் ஓடுதளத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும்போதே இந்திய விமானி நிர்மல் ஜித் சிங் செகோன் நேட்டை மேலே கிளப்பினார். அதே விமானம்தான். ஆனால் ஏறுவதற்கு அவகாசமில்லை, ஒளிந்து வந்து பாயவும் வழியில்லை. தரையை ஒட்டிய வட்டச் சண்டையில் எண்ணிக்கையும் சேபர் பக்கம். அப்படியும் விடாமல் துரத்திச் சுட்டார், அங்கேயே உயிரையும் கொடுத்தார். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெயர் வந்தால் தாத்தா வழக்கை அத்தோடு நிறுத்திவிடுவார்.